சூரியன் இல்லாத ஜனவரியில் ஸ்வால்பார்டுக்குப் படிக்கச் செல்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்

கேள்வி: பொருநைப் பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவள். இங்கிலாந்தில் நிலவியல் முதுநிலை படித்து வருகிறேன். பனியாறுகள் பற்றிய ஆய்வே என் விருப்பப் பாடம். வரும் ஜனவரி முதல் ஜூன் வரையிலான பருவத்தை, நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 78 பாகை அட்சரேகையில் உள்ள லாங்யியர்பியன் என்னும் ஊரில், ஸ்வால்பார்டு பல்கலைக்கழக மையத்தில் படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக நான் காத்திருந்த வாய்ப்பு இது.

ஆனால் அனுமதிக் கடிதத்துடன் வந்த குறிப்புகளைப் படித்த பிறகு மகிழ்ச்சியும் அச்சமும் ஒன்றாகவே இருக்கின்றன. முதல் வாரத்திலேயே துப்பாக்கி சுடும் பயிற்சி உண்டு என்றும், பனிக்கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் ஊருக்கு வெளியே பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செல்லக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். நான் இதுவரை தீபாவளித் துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் கையில் எடுத்ததில்லை. இதை வீட்டில் சொன்னபோது அப்பா அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அம்மாவோ கரடியைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை; "பொங்கலுக்குச் சூரியனே வராத ஊருக்கா போகிறாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்கள். அந்தக் கேள்விதான் எனக்குள் தங்கிவிட்டது.

அங்கே படித்தவர்களோ வேலை செய்தவர்களோ இங்கு இருந்தால், நான்கு செய்திகளைத் தெரிவிக்க வேண்டுகிறேன். துப்பாக்கியும் கரடியும் அன்றாட வாழ்க்கையில் எந்த அளவுக்கு இடம் பெறுகின்றன? மாதக்கணக்கில் நீளும் இருளை மனம் எப்படித் தாங்குகிறது? சைவ உணவு மட்டும் உண்பவர் சமாளிக்க முடியுமா? இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் விசா தொடர்பாகக் கவனிக்க வேண்டியது என்ன?

மறுமொழி 1: உறைநிலத்தான்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கமும் வாழ்த்தும். நான் 2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை, நீங்கள் செல்லவிருக்கும் அதே மையத்தில் படித்தவன். அப்போது ஜெர்மனியில் முதுநிலை மாணவனாக இருந்தேன். உங்கள் அம்மா கேட்ட கேள்வியை என் அம்மாவும் ஏறக்குறைய அதே சொற்களில் கேட்டார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் போய் இறங்கிய நேரம் அந்த ஊருக்கு மிகத் துயரமான நேரம். 2015 டிசம்பர் 19 அன்று, ஊரை ஒட்டிய சுக்கர்டொப்பன் மலைச்சரிவிலிருந்து பெயர்ந்த பனிச்சரிவு பல வீடுகளை அடித்துச் சென்று இருவரின் உயிரைப் பறித்திருந்தது. மூன்று வாரங்கள் கழித்து நாங்கள் வந்தபோது, நண்பகலிலும் நள்ளிரவைப் போல இருண்டிருந்த தெருவில், சன்னல்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. சுமார் 2500 பேர் வாழும் ஊரில் இழப்பு ஒவ்வொருவருக்கும் சொந்த இழப்பாகவே இருக்கும். எங்கள் பாதுகாப்பு வகுப்பில் பனிச்சரிவைப் பற்றிப் பேசிய ஆசிரியர் இடையில் நிறுத்தி, நீர் குடித்துவிட்டுத்தான் தொடர்ந்தார். கரடியைவிட மலையையும் கடல்பனியையும் வானிலையையும் அதிகம் மதிக்க வேண்டும் என்பதை நான் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன்.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள். பயிற்சி உண்மைதான். வகுப்பறையில் அதன் பாகங்களைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொடுத்த பிறகு, ஊருக்கு வெளியே உள்ள சுடுதளத்தில், தடித்த கையுறையோடு, விரல்கள் மரத்துப்போகும் குளிரில் சுடச் சொல்வார்கள். எனக்கு முதல் மூன்று தோட்டாக்களும் குறி தவறின. அதற்காக யாரும் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் என் தோளைத் திருத்திவிட்டு, மூச்சை விட்ட பிறகு விசையை அழுத்துமாறு சொன்னார். ஊர் எல்லையைத் தாண்டுபவர் கரடியை விரட்டுவதற்கு உரிய சாதனத்தை வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்; பெரும்பாலும் அது ஒளிக்குண்டு வீசும் கைத்துப்பாக்கியாக இருக்கும். அதற்கு மேல் நீள்துப்பாக்கியும் உடன் இருப்பது நல்லது என்று ஆளுநர் அலுவலகம் அறிவுறுத்துகிறது. ஊருக்குள் நுழையும்போது தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கி வெறுமையாக இருப்பது பிறர் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கரடியைச் சுட நேர்ந்தால் அது முறைப்படி விசாரிக்கப்படும். ஏனெனில் 1973 முதல் அங்கே பனிக்கரடி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. மையத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்ததில் பெரும்பகுதி கரடியைச் சுடுவது பற்றியது அல்ல, கரடியைச் சந்திக்காமலே இருப்பது பற்றியது: எங்கே கூடாரம் அமைக்கக்கூடாது, எந்தப் பக்கம் பார்வை மறையும், உணவை எங்கே வைப்பது, இரவில் யார் எத்தனை மணி நேரம் காவல் இருப்பது என்பவை.

ஆறு மாதங்களில் நான் கரடியை ஒரே ஒரு முறை, அதுவும் தொலைநோக்கி வழியாக, ஃபியோர்டின் (மலைகளுக்கு இடையே நீளும் கடல்நீர்க் குடாவின்) மறுகரையில் மஞ்சள் நிறப் புள்ளியாகத்தான் பார்த்தேன். ஸ்வால்பார்டு தீவுகளையே இருப்பிடமாகக் கொண்ட கரடிகள் சுமார் 300 என்றும், பேரண்ட்ஸ் கடல் பகுதி முழுவதையும் சேர்த்தால் சுமார் 3000 என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் விமான நிலையத்தை ஒட்டிய முகாம் தளத்திலேயே ஒருவர் கரடியால் கொல்லப்பட்டார். ஆகவே ஊரை ஒட்டிய இடம்தானே என்று எண்ணிவிடவும் கூடாது. 2025 தொடக்கம் முதல், கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டரும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டரும் விலகி இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நீங்கள் தங்கும் காலத்தின் பெரும்பகுதி இந்த 500 மீட்டர்க் கணக்கில் வருகிறது.

என்னைக் கேட்டால், அந்தப் பருவத்தில் நான் மறக்க முடியாத நாள் கரடியைப் பார்த்த நாள் அல்ல. மார்ச் இறுதியில் எங்கள் வகுப்பு, ஸ்னோ ஸ்கூட்டர்களில் அட்வென்ட் பள்ளத்தாக்கு வழியாகச் சாசென் பள்ளத்தாக்கைக் கடந்து, டெம்பல் ஃபியோர்டின் முனையில் உள்ள பனியாற்று முகப்பை அளப்பதற்குப் புறப்பட்டது. அந்தக் குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக வெப்பமாக இருந்ததால், கடல்பனி உறுதியாக உறையவில்லை. அதனால் பாதையை இரண்டு முறை மாற்றியிருந்தோம். வெளியில் இருக்கும்போது இருவர் இருவராக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது அங்கே கட்டாயம். கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளைப் புள்ளி தோன்றினால் தோல் உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது, வெறுங்கையை அதன்மேல் வைத்துச் சூடேற்ற வேண்டும். என் இணையாக வந்த போலந்து மாணவியின் மூக்கு நுனியில் அத்தகைய புள்ளியை நான் பார்த்தபோது, நாங்கள் ஃபியோர்டுக்கு மிக அருகில் இருந்தோம். அதே வேளையில் காற்று எழுந்து, வானமும் தரையும் ஒரே வெண்மையாகி, முன்னால் சென்ற ஸ்கூட்டரின் பின்விளக்கைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் போயிற்று.

எங்கள் தலைவர் வண்டிகளை நெருக்கி நிறுத்தச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். நான் போகலாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். இத்தனை தொலைவு வந்துவிட்டோமே என்ற எண்ணம் எனக்கு. ஆனால் அந்த மாணவி, தனக்குக் கால்விரல்களில் உணர்வு குறைந்து வருகிறது என்று வெளிப்படையாகச் சொன்னாள். அடுத்த நிமிடமே வண்டிகள் திரும்பின. அளவுக் கருவிகள் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு ஆசிரியர் அவளைத்தான் முதலில் பாராட்டினார். அவள் மறைத்திருந்தால் ஒருவேளை விரலை இழந்திருப்பாள். நானோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதே பெருமை என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். உடம்புக்கு முடியவில்லை என்றால் உடனே வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை நீங்கள் இப்போதே தொடங்கிவிட வேண்டும் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, அது எளிதில் வருவதில்லை.

உணவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. காய்கறி விமானத்திலும் கப்பலிலும்தான் வரவேண்டும் என்பதால் விலை அதிகம். ஆனால் அரிசி, பருப்பு, பால்பொருள்கள் எல்லாம் கிடைக்கும். அந்த ஊரில் தாய்லாந்து மக்கள் கணிசமாக வாழ்வதால், நான் இருந்தபோது தேங்காய்ப்பாலும் மிளகாயும்கூட வாங்க முடிந்தது. புளி, பெருங்காயம், சாம்பார்ப்பொடி மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். களப்பயணங்களில் கொதிநீர் ஊற்றி உண்ணும் உலர் உணவுப் பொட்டலங்கள் தருவார்கள். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் அதற்கேற்பத் தருவார்கள். குளிரில் உடம்பு கொழுப்பைக் கேட்கும். நான் நெய் கொண்டு போகாததற்கு வருந்தினேன்.

இருளைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். பொங்கலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அக்டோபர் இறுதியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில் அடிவானத்துக்கு மேலே வந்துவிட்டாலும், சுற்றிலும் மலைகள் இருப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். அன்று, இடிக்கப்பட்ட பழைய மருத்துவமனையின் எஞ்சிய படிக்கட்டில் முதல் கதிர் விழுவதைக் காண ஊரே கூடுகிறது; குழந்தைகள் சூரியனை வரச்சொல்லிப் பாடுகிறார்கள். 2016 ஜனவரி 15 அன்று, கும்மிருட்டில் விடுதிச் சமையலறையில் நான் பொங்கல் வைத்தேன். பால் பொங்கியபோது யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் தெற்கு நோக்கி நின்றேன். மார்ச் 8 அன்று மீதமிருந்த பச்சரிசியில் மீண்டும் ஒருமுறை வைத்து, வகுப்புத் தோழர்கள் எல்லோருக்கும் கொடுத்தேன். அதை இரண்டாம் பொங்கல் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

மறுமொழி 2: வடநோர்வேத் தாதி

பிள்ளைக்கு அன்பு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவள். 1980களின் இறுதியில் எங்கள் ஆட்கள் பலர் வட நோர்வேயின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், நானும் கணவருடன் பின்மார்க் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். பின்னர் தாதியாகப் படித்து, இப்பொழுது ட்ரொம்சோவில் வேலை செய்கிறேன். ஸ்வால்பார்டில் நான் வாழ்ந்ததில்லை, இருளோடு வாழ்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் சூரியன் நவம்பர் கடைசியில் மறைந்து, ஜனவரி 21 அளவில் மலைக்கு மேலே முகம் காட்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் சூரிய பணிஸ் என்று ஒரு இனிப்புப் பணிஸ் (பன்) உண்பார்கள். நீங்கள் போகும் இடத்தில் இருள் இதைவிட நீளமானதும் ஆழமானதும் ஆகும். எங்களுக்கு நண்பகலில் ஒரு நீல வெளிச்சமாவது தென்படும். அங்கே ஜனவரி முடியும் வரை அதுவும் மிகக் குறைவு.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறு, நித்திரை வரும்போதெல்லாம் படுத்துக்கொண்டதுதான். உடம்பு இரவு பகல் தெரியாமல் குழம்பி, காரணமில்லாமல் அழுகை வந்தது. அது மனப்பலவீனம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பக்கத்து வீட்டு நோர்வேஜிய அம்மா ஒருவர்தான் கதவைத் தட்டி, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும், எழும்பியவுடன் வீட்டில் உள்ள விளக்கெல்லாம் போட வேண்டும், எவ்வளவு குளிராக இருந்தாலும் நாளுக்கு ஒருமுறை வெளியே நடக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். இங்குள்ளவர்கள் குளிர்கால மாதங்களில் மீன் ஈரல் எண்ணெய் குடிப்பது பழைய வழக்கம்; உடம்புக்குச் சூரியனால் கிடைக்க வேண்டிய வைட்டமின் டி அதில் இருக்கிறது. சைவக்காரராகிய நீங்கள் அதற்குப் பதிலாக மருத்துவரிடம் கேட்டு வைட்டமின் டி மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் இருளைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒருவரும் எச்சரிப்பதில்லை. ஸ்வால்பார்டில் ஏப்ரல் 20 அளவில் சூரியன் மறைவதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு நித்திரையே வராது. உடம்பில் புது வேகம் வந்ததுபோல் இருக்கும். அதிகாலை இரண்டு மணிக்கு மலை ஏறலாம் என்று தோன்றும். களைப்பு தெரியாமல் களைத்துப் போகும் காலம் அதுதான். தடித்த கறுப்புத் திரைச்சீலை ஒன்றையும் கண்மூடியையும் கட்டாயம் கொண்டுபோங்கள்.

அங்குள்ள மருத்துவமனை சிறியது. பெரிய நோய்வருத்தம் என்றால் விமானத்தில் ட்ரொம்சோவுக்குத்தான் அனுப்புவார்கள். ஆகவே நோயாளியை ஏற்றிவரும் செலவும் மீட்புச் செலவும் உங்கள் காப்புறுதியில் அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருநைப் பெண்

உறைநிலத்தான் அண்ணாவுக்கும் தாதி அம்மாவுக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. இரண்டு மறுமொழிகளையும் நேற்று இரவு தொலைபேசியில் வீட்டாருக்கு வாசித்துக் காட்டினேன். கால்விரலைப் பற்றி வெளிப்படையாகச் சொன்ன மாணவியின் பகுதி வந்தபோது, அப்பா மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

விசாவைப் பற்றி இன்னும் தெளிவில்லை. ஸ்வால்பார்டுக்கு விசாவே தேவையில்லை என்று ஒருவர் சொல்கிறார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசா இல்லாமல் போகவே முடியாது என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

மறுமொழி 3: கடல்நீர் மாதிரி

இரண்டும் உண்மைதான். நான் இந்திய ஆய்வுக் குழு ஒன்றுடன் ஒரு கோடைக்காலத்தில் ஸ்வால்பார்டின் ஆய்வுக் குடியிருப்பான நியூ-ஓலெசுண்டில் பணிபுரிந்தவன் என்பதால் இதை விளக்க முடியும். 1920 பிப்ரவரி 9 அன்று பாரிசில் கையெழுத்தான ஸ்வால்பார்டு உடன்படிக்கை, தீவுகளின் இறையாண்மையை நார்வேக்கு அளித்தது. அதே வேளையில், கையெழுத்திட்ட நாடுகளின் மக்கள் அங்கே சென்று தொழில் செய்ய ஒத்த உரிமையையும் அது அளித்தது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் இடம்பெற்றிருந்தது. நடைமுறையில் எந்த நாட்டவருக்கும் ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசா கேட்பதில்லை. ஆனால் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை ஆளுநர் திருப்பி அனுப்பலாம். நார்வேயின் சமூக நல உதவிகள் அங்கே செல்லுபடியாகா.

சிக்கல் வழியில்தான் இருக்கிறது. விமானம் ஆஸ்லோ அல்லது ட்ரொம்சோ வழியாகத்தான் செல்கிறது. அவை செங்கன் பகுதிக்குள் இருக்கின்றன, ஸ்வால்பார்டு அதற்கு வெளியே இருக்கிறது. நீங்கள் வடக்கே புறப்படும் கணத்தில் செங்கன் பகுதியைவிட்டு வெளியேறியவராகக் கணக்கிடப்படுவீர்கள். ஜூனில் திரும்பும்போது மீண்டும் நுழைய வேண்டும். ஆகவே இரட்டை நுழைவோ பல நுழைவோ உள்ள விசா வேண்டும், அதன் காலமும் நீங்கள் திரும்பும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருக்கு ஒற்றை நுழைவு விசா ஒட்டப்பட்டு வந்திருந்ததைப் புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் கவனித்தோம்; அதைத் திருத்தி வாங்குவதற்குள் அவர் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். கடவுச்சீட்டு கைக்கு வந்த உடனே அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் நியூ-ஓலெசுண்டுக்கும் சென்று வாருங்கள். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கே இயங்குகிறது. வட துருவம் அங்கிருந்து சுமார் 1200 கிலோமீட்டர்தான். வானலை நோக்கும் உணர்கருவிகளுக்கு இடையூறு வரக்கூடாது என்பதால் அங்கே வைஃபையும் புளூடூத்தும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. கரடி வந்தால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழைய வசதியாகக் கதவுகளைப் பூட்டுவதில்லை. 2014 ஜூலையில் நம் நாட்டவர் காங்ஸ்ஃபியோர்டின் நீருக்கடியில் நிறுவிய இண்டார்க் என்னும் மிதவைக் கருவித்தொகுதி, கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் பதிவு செய்யத் தொடங்கியது. ஆர்க்டிக் கடல்பனி குறைவதற்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறிய வேண்டும் என்பதே இத்தனை தொலைவில் நாம் நிலையம் வைத்திருப்பதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. தாமிரபரணிக் கரையிலிருந்து பனியாற்றைப் படிக்க வருபவருக்கு இதைச் சொல்வதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மறுமொழி 4: உறைநிலத்தான்

விசா பற்றிய விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பல்கலைக்கழக மையத்துக்குள் நுழைந்தவுடன் எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடப்பார்கள். நிலக்கரிச் சுரங்கக் காலத்தில் கரித்தூள் வீட்டுக்குள் வராமல் இருக்கத் தோன்றிய பழக்கம் இது. பேராசிரியரும் காலுறையோடுதான் பாடம் எடுப்பார். இருட்டில் வந்து இறங்கிய முதல் நாளில் எனக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவே காரணம். நல்ல காலுறைகளாக ஐந்து இணை எடுத்துச் செல்லுங்கள்.

பொருநைப் பெண்

இன்று கடவுச்சீட்டு வந்தது. பல நுழைவு என்றும், ஜூலை வரை செல்லும் என்றும் அச்சிட்டிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மீட்புச் செலவு பற்றி எழுதியிருக்கிறேன், மறுமொழி வரவேண்டும். வைட்டமின் மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்துவிட்டார்.

அம்மா ஊரிலிருந்து அனுப்பிய பொதி நேற்று வந்து சேர்ந்தது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் மண்டை வெல்லமும் இரண்டு தனித்தனிப் பைகளில் கட்டியிருந்தன. ஒன்றின்மேல் "தை 1" என்றும், மற்றதன்மேல் "மார்ச் 8" என்றும் அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. நெய் தனியாக ஒரு புட்டியில் இருக்கிறது.